பருவம் பார்த்துச் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டாணி சீசன் உச்சத்தில் இருந்தபோது அரைக் கிலோ காய் வாங்கி வந்து, பாதியை அன்று மாலையே உரித்தேன். மீதியைச் சமையல் மேடையில் பையோடு விட்டுவிட்டு நான்காம் நாள் உரித்தேன். முதல் நாள் தோலை விரலால் அழுத்தியதும் 'டப்' என்று பிளந்தது. உள்ளே மணிகள் பளபளவென்று இருந்தன. பச்சையாகவே வாயில் போட்டால் இனித்தன. நான்காம் நாள் தோல் ரப்பர் மாதிரி வளைந்ததே தவிர பிளக்கவில்லை. மணியில் இனிப்பு போய் மாவுச் சுவை ஏறியிருந்தது. ஒரே கடை, ஒரே குவியல், இடையில் மூன்றே நாள்.

பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. சுவாசிக்கிறது, சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. பட்டாணியும் மக்காச்சோளமும் இருக்கிற சர்க்கரையை வேகமாக மாவுச்சத்தாக மாற்றிவிடும். கீரைகளில் வைட்டமின் சி நாளுக்கு நாள் குறையும்; வெப்பம் கூடினால் இன்னும் சீக்கிரம் குறையும். பருவத்தில் விளைவதை வாங்குவதன் முதல் லாபம் இதுதான்: செடிக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள நாட்கள் குறைகின்றன. இரண்டாவது லாபத்தை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். பருவத்தைப் பின்பற்றுகிறவர் வருடம் முழுக்க ஒரே நான்கு காயைச் சுற்றிச் சுற்றிச் சமைக்க முடியாது. தட்டில் பலவிதம் தானாக வந்து சேரும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பருவ உணவு எந்த நோயையும் குணப்படுத்தாது, உடம்பிலிருந்து நச்சை வெளியேற்றவும் செய்யாது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் சேராது. சீசன் இல்லை என்று சொல்லி அந்த 400 கிராமைக் குறைத்துக்கொள்வதைவிட, ஃப்ரீசரில் வைத்து விற்கும் காயை வாங்கிச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

படி 1: உங்கள் ஊரின் பருவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இணையத்தில் கிடைக்கும் 'எந்த மாதம் எந்தக் காய்' அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பூமியின் வடபாதியில் ஜனவரி குளிர்காலம், தென்பாதியில் அதுவே கோடை. வெப்பமண்டல நாடுகளில் நான்கு பருவம் என்ற கணக்கே சரியாகப் பொருந்தாது. அங்கே மழைக்காலமும் வறண்ட காலமும்தான் விளைச்சலைத் தீர்மானிக்கின்றன. ஒரே நாட்டில்கூட மலையில் விளைவது வேறு, சமவெளியில் விளைவது வேறு.

கடையில் கிடைக்கிறது என்பதாலேயே ஒன்று சீசன் ஆகிவிடாது. ஆக்சிஜனைக் குறைத்துக் குளிரூட்டிய கிடங்குகளில் ஆப்பிளைப் பல மாதங்கள் வைத்திருக்க முடியும். அதனால் கடைக்குப் போனால் அடையாளங்களைப் பாருங்கள். ஒரே காய் எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் மலை மாதிரி குவிந்திருக்கிறதா, போன வாரத்தைவிட விலை இறங்கியிருக்கிறதா, காம்பு பச்சையாக ஈரத்தோடு இருக்கிறதா, பழத்தைக் கையில் எடுத்தால் வாசனை வருகிறதா? இவற்றில் மூன்றுக்கு 'ஆம்' என்றால் அது பெரும்பாலும் சீசன் சரக்குதான். விற்பவரிடம் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: இது எங்கிருந்து வருகிறது, இன்னும் எத்தனை வாரம் வரும்? பேசிப் பழகிய கடைக்காரர், எது நன்றாக இருக்கிறது என்று அடுத்த முறை தானாகவே சொல்வார்.

இன்னொரு குறுக்குவழி, காய்களின் குடும்பத்தைத் தெரிந்து வைத்திருப்பது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, முள்ளங்கி எல்லாம் ஒரே குடும்பம். பொதுவாகக் குளிர்ச்சியை விரும்பும். வெள்ளரி, பூசணி, தர்பூசணி, முலாம்பழம் இன்னொரு குடும்பம். அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவையும் உறவுக்காரச் செடிகள்தான். உறைபனி பட்டால் கருகிவிடும். ஒரு குடும்பத்தில் ஒன்று மலிவாக வந்தால், மற்றவையும் பின்னாலேயே வரும் என்று எதிர்பார்க்கலாம்.

ஒரு வருடம் மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு வரி போதும்: எது புதிதாக வந்தது, எது நின்றது, எது நன்றாக இருந்தது. என் நோட்டில் முதல் வருடம் பாதிப் பக்கங்கள் வெறுமையாகவே இருந்தன. ஆனாலும் இரண்டாம் வருடம் பட்டாணி எந்த வாரம் வரும், எந்த வாரம் முற்றிப்போகும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. எந்த அட்டவணையும் இதற்கு ஈடாகாது.

படி 2: தட்டின் அமைப்பை மாற்றாதீர்கள், காயை மட்டும் மாற்றுங்கள்

பருவ உணவு என்றதும் பலர் மொத்தச் சாப்பாட்டையும் தலைகீழாக மாற்றப் பார்த்து, இரண்டே வாரத்தில் சோர்ந்து விட்டுவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதம். இந்த அமைப்பு பன்னிரண்டு மாதமும் அப்படியே இருக்கட்டும். தானியமும் பருப்பும் கொட்டைகளும் காய்ந்த பொருட்கள். நன்றாகச் சேமித்தால் வருடம் முழுக்க வரும். மாற வேண்டியது அந்தப் பாதித் தட்டுதான்.

அந்தப் பாதியை நிரப்ப வாரத்துக்கு ஒரு கீரை, ஒரு நெற்றுக்காய் (பீன்ஸ், பட்டாணி போல) அல்லது கொடிக்காய், ஒரு வேர்க்காய் (கேரட், முள்ளங்கி போல) அல்லது பூசணி வகை, இரண்டு பழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்கள் பருவத்தோடு மாறும், வகைகள் மாறாது.

பலவிதமாகச் சாப்பிடுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு ஹட்ஸா மக்கள் நினைவுக்கு வருவார்கள். தான்சானியாவில் வேட்டையாடியும், கிழங்கு, பழம், தேன் சேகரித்தும் வாழ்கிறவர்கள். அவர்களுடைய குடல் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2017-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. வறண்ட காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் இடையில் அந்த நுண்ணுயிர்க் கூட்டம் மாறுவதையும், சில வகைகள் ஏறக்குறைய காணாமலே போய், பருவம் திரும்பும்போது மறுபடி தலைகாட்டுவதையும் அதில் பார்த்தார்கள். நாமும் அவர்களைப் போலச் சாப்பிட்டால் ஆரோக்கியம் கூடும் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் நாம் எதைச் சாப்பிடுகிறோம் என்பது நமக்குள் வாழும் உயிர்களையும் சேர்த்தே மாற்றுகிறது என்பதை அது அழகாகக் காட்டுகிறது.

படி 3: பருவத்துக்குப் பருவம் என்ன செய்வது

குளிர்காலம்

குளிர் தாக்கும்போது கேரட், முட்டைக்கோஸ் போன்ற செடிகள் உறைந்துபோகாமல் தங்களைக் காத்துக்கொள்ளச் சர்க்கரையைக் கூட்டிக்கொள்கின்றன. குளிர்கால கேரட்டின் தித்திப்புக்குக் காரணம் அதுதான். கிழங்குகள், முட்டைக்கோஸ் வகைகள், பூசணி, பருப்பு சேர்த்த கெட்டியான சூப்கள் எல்லாம் இந்தக் காலத்துக்குப் பொருத்தம்.

எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்கள் பல இடங்களில் குளிரோடு பழுத்து வருவது பெரிய வசதி. மனித உடம்பால் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது, அதிக நாள் சேமித்து வைக்கவும் முடியாது. ஒன்றிலிருந்து மூன்று மாதம் அது சுத்தமாகக் கிடைக்காமல் போனால் ஈறு வீங்கி, புண் ஆறாமல் ஸ்கர்வி வரும். 1747-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் ஒன்றில் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவரும் சில நாளிலேயே தேறினார்கள். ஆரஞ்சு கிடைக்காத இடத்தில் இருந்தால் கவலை வேண்டாம். முட்டைக்கோஸும் குடைமிளகாயும் உருளைக்கிழங்கும்கூட வைட்டமின் சி தரும்.

குளிர் நாடுகளில் வெயில் குறைவதால் தோலில் வைட்டமின் டி உற்பத்தியும் குறையும். கொழுப்பு மிகுந்த மீன், முட்டையின் மஞ்சள் கரு, புற ஊதா ஒளி பட்ட காளான் ஆகியவற்றில் அது இருக்கிறது. ஆனால் நீண்ட குளிர்காலத்துக்கு உணவு மட்டும் போதாமல் போகலாம், மருத்துவரிடம் கேளுங்கள். குளிரில் தாகம் அவ்வளவாகத் தெரியாது என்பதால் தண்ணீரை மறந்துவிடவும் கூடாது.

குளிர் முடிந்து வெயில் ஏறும் காலம்

இளங்கீரைகளும் பட்டாணியும் வரும் நேரம். குறுகிய சீசன் என்பதால் தள்ளிப்போடாமல் வாங்குங்கள், வாங்கிய அன்றே சமையுங்கள். இளங்கீரைக்கு மூன்று நிமிடச் சூடு போதும்.

கோடை

இந்தப் பருவத்தில் உடம்புக்கு முதலில் வேண்டியது நீர். விளைவதும் அப்படித்தான் இருக்கிறது: வெள்ளரியில் சுமார் 95 சதவீதமும் தர்பூசணியில் சுமார் 92 சதவீதமும் தண்ணீர்தான். அதற்காகத் தர்பூசணியைக் குடிநீருக்குப் பதிலாக எண்ண வேண்டாம். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கிவிடும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காமல், வேளைக்கு ஒரு கிண்ணம் நறுக்கிய பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் கையில் கொடுங்கள்.

பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். ஜூஸாக்கி வடிகட்டினால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடும், மூன்று பழத்தின் சர்க்கரை ஒரே மூச்சில் உள்ளே போகும்.

தக்காளியை இரண்டு விதமாகவும் சாப்பிடலாம். பச்சையாகச் சாப்பிட்டால் வைட்டமின் சி நன்றாகக் கிடைக்கும். எண்ணெய் சேர்த்து வேகவைத்தால் அதைச் சிவப்பாக்கும் லைகோபீனை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும்.

சமைத்த உணவைக் கோடையில் வெளியே வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. வெட்டிய தர்பூசணிக்கும் இதே விதிதான்.

மழைக்காலம்

கீரையை ஒதுக்க வேண்டியதில்லை, கழுவும் முறையில்தான் கவனம் வேண்டும். அகலமான பாத்திரத்தில் நீர் நிறைத்து, இலைகளை முக்கி அலசி, இலையைத்தான் மேலே எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து நீரை வடித்தால் அடியில் படிந்த மண் மறுபடி இலையிலேயே ஒட்டிக்கொள்ளும். அடியில் மண் தெரியாத வரை புது நீரில் அலசுங்கள், கடைசியாக ஓடும் நீரில் காட்டுங்கள். சோப்பு போட வேண்டாம். இந்தப் பருவத்தில் பச்சைக் கீரையைவிட வேகவைத்ததே நல்லது. முளைப்பயறு ஈரத்திலும் சூட்டிலும் வளர்வதால் கிருமியும் கூடவே வளரும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியவர்களும் அதை வேகவைத்தே சாப்பிட வேண்டும்.

வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் ஏறினால் ஒருவகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு அவற்றின் தீவனத்தில் கலந்திருந்தது. வீட்டுச் சூடு இந்த நஞ்சை முழுக்க அழிக்காது. பூசணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையை வறுத்துச் சமாளிக்கப் பார்க்காமல் வீசிவிடுங்கள்.

அறுவடைக் காலம்

பூசணி, ஆப்பிள், பேரிக்காய், கொட்டைகள், புதுத் தானியம் எல்லாம் சேர்ந்து வரும். முழுதாக, காம்போடு இருக்கும் கெட்டித்தோல் பூசணி காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் தாங்கும். வாங்கி வைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

படி 4: வீட்டுக்கு வந்த பிறகு

நல்ல சரக்காகப் பார்த்து வாங்கி, தப்பாக வைத்துக் கெடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். வாழை, மாம்பழம், பப்பாளி, ஆப்பிள், தக்காளி ஆகியவை பறித்த பிறகும் பழுக்கும். அவற்றைக் கொஞ்சம் காயாகவே வாங்கலாம். திராட்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி, தர்பூசணி ஆகியவை பறித்த பிறகு இனிப்பு ஏறாது; வாங்கும்போதே பழுத்திருக்க வேண்டும்.

பழுக்கும் பழங்கள் எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். ஆப்பிளோடு கீரையை வைத்தால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும். காயாக இருக்கும் மாம்பழத்தோடு ஆப்பிளைக் காகிதப் பையில் வைத்தால் மாம்பழம் சீக்கிரம் பழுக்கும்.

பழுக்காத தக்காளியும் வாழையும் ஃப்ரிட்ஜுக்குள் போகக் கூடாது. சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைத்தோல் கறுக்கும், தக்காளி மணம் இழக்கும். உருளைக்கிழங்கை இருட்டான, குளுமையான இடத்தில், வெங்காயத்திலிருந்து தள்ளி வையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்த பகுதியில் சோலனின் என்ற நஞ்சு இருக்கலாம். ஆழமாகச் செதுக்கி எறியுங்கள், கிழங்கே கசந்தால் மொத்தமாக எறியுங்கள்.

படி 5: சமைக்கும்போது

வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் நீரில் கரையும். அதனால் நிறைய நீரில் வேகவைத்து வடித்துக் கொட்டாமல், ஆவியில் வேகவையுங்கள், அல்லது அந்த நீரையே சூப்பில் சேருங்கள். கேரட், பூசணி, கீரை ஆகியவற்றிலுள்ள, உடம்பு வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் கரோட்டீன் கொழுப்பில் கரையும்; ஒரு தேக்கரண்டி எண்ணெயோ சில கொட்டைகளோ கூட இருந்தால் உடம்பில் நன்றாகச் சேரும்.

படி 6: குவிந்ததைச் சேமியுங்கள்

பட்டாணியும் பீன்ஸும் மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். கொதிக்கும் நீரில் பட்டாணிக்கு ஒன்றரை நிமிடம், பீன்ஸுக்கு மூன்று நிமிடம், கீரைக்கு இரண்டு நிமிடம். எடுத்ததும் ஐஸ் நீரில் அதே அளவு நேரம். பிறகு நன்றாக வடித்து, துணியில் உலர்த்தி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, அதன் பின் பையில் போட்டுத் தேதி எழுதுங்கள். சுடுநீரில் போடும் வேலையைத் தவிர்த்துவிடாதீர்கள். நொதிகளை அடக்குவது அந்தச் சூடுதான். அது இல்லாவிட்டால் ஃப்ரீசருக்குள்ளேயே நிறமும் சுவையும் கெடும். மைனஸ் 18 டிகிரியில் எட்டு மாதம் வரை தரம் நன்றாக இருக்கும்.

முட்டைக்கோஸ் மலிந்தால் உப்பில் புளிக்கவைக்கலாம். ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 கிராம் உப்பு போட்டுப் பிசைந்து, ஊறி வரும் நீருக்குள் இலைகள் முழுக்க மூழ்கியிருக்கும்படி அழுத்தி வைக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்பதால், இதைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும் சாப்பிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புளிப்பில்லாத காய்களைச் சாதாரணமாகக் கொதிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்து, வெளியே மாதக்கணக்கில் வைக்காதீர்கள். பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. காற்றில்லாத பாட்டிலுக்குள் அவை உயிரைக் குடிக்கும் நஞ்சை உண்டாக்கும், வாசனையில் அது தெரியவும் தெரியாது. ஃப்ரீசரில் வைப்பதும் உலர்த்துவதும் வீட்டுக்குப் பாதுகாப்பான வழிகள்.

படி 7: யாருக்கு எச்சரிக்கை வேண்டும்

சீசன் வந்தால் ஒரே பொருளை அதிகமாகச் சாப்பிட்டுவிடுவோம். சிலருக்கு அங்கேதான் சிக்கல் வரும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்கிறவர்கள் திடீரென்று தினமும் கீரை சாப்பிடத் தொடங்கினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைக்கும். கீரையை விட வேண்டாம், அளவு வாரா வாரம் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆரஞ்சு வகையைச் சேர்ந்த கிரேப்ஃப்ரூட் பழம், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் ரத்தத்தில் அளவுக்கு மேல் சேரக் காரணமாகும். சிறுநீரக நோயால் பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் தக்காளி, ஆரஞ்சு, கீரை சீசனுக்கு முன்பே மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பழம் சாப்பிடலாம், ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி என்று பிரித்துச் சாப்பிட வேண்டும்.

மகரந்த ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பூக்கும் காலத்தில் ஆப்பிளையோ கேரட்டையோ வேகவைக்காமல் சாப்பிட்டால் வாய் அரிக்கும். வேகவைத்தால் பெரும்பாலும் அரிப்பு வராது. ஆனால் நாக்கோ தொண்டையோ வீங்கினால், மூச்சு திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 8: முதல் நான்கு வாரம்

முதல் வாரம் எதையும் மாற்றாமல் கடையில் குவிந்திருப்பதை மட்டும் நோட்டில் எழுதுங்கள். இரண்டாம் வாரம் வழக்கமாக வாங்கும் ஒரு காயை நிறுத்தி, அதன் இடத்தில் சீசன் காய் ஒன்றை வாங்குங்கள். மூன்றாம் வாரம் ஒரு பழத்திலும் அதே மாற்றம். நான்காம் வாரம் மலிந்து கிடக்கும் ஏதாவது ஒன்றில் ஒரு கிலோ கூடுதலாக வாங்கி ஃப்ரீசரில் வையுங்கள். புதுக் காய் பிடிக்கவில்லை என்று குழந்தை முகத்தைத் திருப்பினால் கட்டாயப்படுத்தாமல், சில நாள் விட்டு வேறு விதமாகச் சமைத்துத் தட்டில் கொஞ்சமாக வையுங்கள். பழகப் பத்து முறைக்கு மேல்கூட ஆகலாம்.

ஒரு சீசன் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சில வாரங்கள் கடையே வெறிச்சென்று இருக்கும். போன வருடம் அப்படி ஒரு வாரத்தில், சீசனில் தேதி எழுதி வைத்த பட்டாணிப் பையைப் பிரித்தேன். பறித்து எத்தனையோ மாதம் ஆகியும், சமையல் மேடையில் மூன்று நாள் கிடந்த அந்தப் பாதிப் பட்டாணியைவிட அது இனித்தது.